மருந்து இல்லீங்க

உக்காருங்க அம்மிணி, இந்தப் பையை நான் மடியில வெச்சுக்கறேன். உங்க நம்பரு இருபத்தி மூணுங்களா? இப்பத்தான் பதினொண்ணு உள்ள போயிருக்குது. இந்த டாக்டரம்மா ஒவ்வொருத்தரையும் உக்கார வெச்சு எல்லாத்தையும் வெசாரிச்சுட்டுத்தான் வுடுவாங்க. நல்லவங்கதான். என்ன ஒண்ணு, கேள்வி சாஸ்தி.

நீங்க அப்பாவைக் கூட்டிட்டு வந்தீங்களா? அவரு எக்கோ எடுக்கப் போயிருக்கறாரா. சரி சரி. எங்கூட்டுக்காரரைக் கீழ ரத்தம் எடுக்கத் தள்ளிட்டுப் போயிருக்கறாங்க. தள்ளுவண்டி நாற்காலியிலதானுங்க. வலது கையும் காலும் வரலீங்க. பேச்சும் போச்சு. நானும் வர்றேன்னேன், நீங்க இங்கயே இருங்கன்னுட்டாங்க.

இப்படி ஆயி மூணு வாரமாச்சு. எங்க நாத்தனாரு இருக்கறாங்களே, அவரோட அக்கா, பழனாத்தாள்னு பேரு, எங்க பக்கம் நாங்க நங்கையான்னு கூப்பிடுவோம். அவங்க ஊரெல்லாம் போயி என்ன சொல்றாங்க தெரியுமுங்களா? "மகளூட்டுல போயி உக்காந்துக்கிட்டு என் தம்பியைக் கெடுத்துட்டா"ன்னு. நான் கெடுத்தனாமா. நீங்களே கேட்டுட்டு ஒரு நாயம் சொல்லுங்க. இங்க நமக்கு என்ன வேலை இருக்குது.

எங்களுக்குச் சோமனூர் பக்கமுங்க. நாலு தறி போட்டிருக்கறோம். அஞ்சு வருசத்துக்கு முன்னால அவருக்கு நெஞ்சைத் திறந்து வால்வு மாத்துனாங்க. இரும்பு வால்வு. பக்கத்துல உக்காந்தா டிக்கு டிக்குன்னு கேக்குமுங்க. தறி ஓடறப்பக் கேக்காது, கரண்டு நின்னாக் கேக்கும். எல்லாரும் கரண்டு போனா ஐயோன்னு சலிச்சுக்குவாங்க, நான் மட்டும் அவரு பக்கத்துல போயி நிப்பேன். அந்தச் சத்தம் கேட்டுட்டா எனக்கு ஒரு நிம்மதி.

அந்த வால்வுல ரத்தம் கட்டிக்கக் கூடாதுன்னு ஒரு மாத்திரை. ரத்தத்தை இளக்கமா வெக்கிறதுக்காமா. உசுரு இருக்கற வரைக்கும் முழுங்கோணும். மாசம் ஒருக்கா ரத்தம் எடுத்து ஒரு நம்பரு பாப்பாங்க. ரெண்டரைக்கும் மூணரைக்கும் நடுவுல நிக்கோணும். அதுக்குக் கொறஞ்சா ரத்தம் கட்டிக்கும், கூடுனா எங்கயாச்சும் கசிய ஆரம்பிச்சுரும். இதையெல்லாம் டாக்டரம்மா ஒரு படம் போட்டே காட்டுனாங்க. எனக்கு எல்லாம் தெரியுமுங்க, தெரியாதவ இல்ல.

அவரு சாயங்காலம் ஆறு மணின்னா ஆறு மணிக்கு மாத்திரை. ஒரு நோட்டுல எழுதி வெப்பாரு. டாக்டரு கீரையை அளவாச் சாப்புடச் சொன்னா, ஒரு வாய் கூட வெச்சாத் தட்டைத் தள்ளிருவாரு. முப்பத்தி ரெண்டு வருசமா நான் சொல்றதுக்கு ஒருக்காக்கூடத் தலையாட்டாத மனுசன், அந்தப் புள்ளை சொன்னா அப்படியே கேக்கறாரு. எம் பொண்ணு வயசுதான் இருக்கும் அந்த டாக்டரம்மாவுக்கு. எனக்குப் பொறாமையெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. சும்மா சொல்றேன்.

போன ஆடியில ஒரு நாள் மாடிப்படி ஏறிட்டு வந்து மூச்சு வாங்குதுன்னு உக்காந்தாரு. எனக்கு வெசனமாப் போச்சு. எங்க வீதியில அர்த்தநாரி வாத்தியாருன்னு ஒருத்தரு, ரிட்டயர்டு ஆனவரு. அவருக்கு ரத்தக் கொதிப்பு இருந்துச்சு. மருதம்பட்டைப் பொடி சாப்புட்டு இப்பக் காலையில மூணு கிலோமீட்டரு நடக்கறாரு. பொடியால நடக்கறாரா, நடக்கறதால நல்லா இருக்கறாரான்னு எங்கூட்டுக்காரரு அப்பவே நக்கல் பண்ணுனாரு. எப்படியோ, ஆளு கிண்ணுன்னு இருக்கறாருல்ல. மருதம்பட்டை இருதயத்துக்கு நல்லதுன்னு டிவியில சொல்றாங்க, போன்ல வருது, அந்தக் காலத்துல இருந்து குடிச்சுட்டுத்தான இருக்கறாங்க. மரத்தோட பட்டை. அது என்ன பண்ணிரப் போவுது?

திருப்பூர்ல நாட்டு மருந்துக் கடைக்குப் போனனுங்க. அந்தக் கடைக்காரரு நல்ல மனுசன். யாருக்குன்னு கேட்டாரு. வீட்டுக்காரருக்குன்னேன். "இருதயத்துக்கு வேற மாத்திரை எதாச்சும் சாப்புடறாருங்களா? அப்படின்னா டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டுக் குடுங்க, சில மாத்திரையோட இது சேராது"ன்னாரு. யாவாரத்தைக் கெடுத்துக்கிட்டு எவன் இப்படிச் சொல்லுவான், சொல்லுங்க. அந்த நேர்மைக்காகவே கால் கிலோ வாங்குனவ அரைக் கிலோவா வாங்கிட்டேன்.

டாக்டரைக் கேக்கலீங்க. கேட்டா வேண்டாம்பாங்க. வேண்டாம்னு சொல்லப் போறவங்களை எதுக்குக் கேக்கறது?

அவருகிட்டச் சொன்னேன். "டாக்டரம்மாகிட்டக் கேட்டுட்டுக் குடிக்கறேன்"னாரு. "நாஞ் சொன்னா ஆகாதுங்களா?"ன்னேன். பேப்பரைத் தூக்கி மூஞ்சியை மறைச்சுக்கிட்டாரு. சரின்னு நானும் வுட்டுட்டேன். அவருக்குக் காலையில சுக்குக் காப்பி வேணும். கருப்பட்டி போட்டு, மல்லி தட்டிப் போட்டு, கெட்டியா இருக்கும். அதுல ஒரு கரண்டி பட்டைப் பொடியைப் போட்டுக் கொதிக்க வெச்சா நெறமும் தெரியாது, துவர்ப்பும் தெரியாது. மொத நாள் குடிச்சுட்டு, "இன்னைக்குக் காப்பி நல்லாருக்குது"ன்னாரு. அவரு வாயில இருந்து நல்லாருக்குதுன்னு நான் கேட்டு எத்தனை வருசம் ஆச்சு.

ஒரு மாசத்துல மூச்சு வாங்கறது கொறஞ்சுதுங்க. மெய்யாலுமே. மாடி ஏறிட்டு வந்து நின்னுட்டே பேசுனாரு. வாய்ல வந்ததைச் சொல்றேன்னு நினைக்காதீங்க, என் கண்ணால பாத்தேன்.

ஆவணியில டெஸ்டுக்கு வந்தா நம்பரு நாலுக்கு மேல போயிருச்சு. டாக்டரம்மா, "காய்ச்சல் கீய்ச்சல் வந்துச்சுங்களா, சாப்பாடு மாத்துனீங்களா"ன்னு கேட்டாங்க. அப்புறம், "வேற மருந்து ஏதாச்சும் சாப்புடறீங்களா?"ன்னாங்க. அவரு இல்லீங்கன்னாரு. பொய்யில்ல, அவருக்குத்தான் தெரியாதே. என்னையப் பாத்தாங்க. நானும் இல்லீங்கன்னேன். நானும் பொய் சொல்லலீங்க. மருந்துன்னா மாத்திரை, ஊசி, டானிக்கு. இது பட்டை. சீரகம் போடறோம், மெளகு போடறோம், அதையெல்லாம் மருந்துன்னா சொல்லுவோம்? நாட்டு மருந்துக் கடையில வாங்குனா மருந்தாயிருமா, அந்தக் கடையில கோலமாவு கூடத்தான் விக்கறாங்க.

சரின்னு அஞ்சு மில்லிகிராமா இருந்த மாத்திரையை நாலாக்கிட்டாங்க. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமுங்களா? பஸ்ஸுல வர்றப்ப எனக்குள்ளயே சிரிச்சுக்கிட்டேன். அஞ்சு வருசமாக் கொறையாத மாத்திரை, ஒரு மாசத்துப் பொடியில கொறஞ்சுருச்சு.

புரட்டாசியில மறுபடியும் கூடிருச்சு. அப்பத்தான் அந்தம்மா அவரைப் பாத்து, "ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க, தண்ணி கிண்ணி சாப்புடறீங்களா?"ன்னு கேட்டுட்டாங்க. அவரு பீடி கூடத் தொடாத மனுசன். மூஞ்சி சிறுத்துப் போச்சு. வீட்டுக்கு வந்து சோறு திங்கல. "அந்தப் புள்ளை என்னையச் சந்தேகப்படுது, மயிலா"ன்னு சொல்லுவாருன்னு பாத்தேன், அதுவும் சொல்லல. எம் பேரு மயிலாத்தாளுங்க. அவரு ஒரு நாளும் பேரு சொல்லிக் கூப்புட்டதில்ல. ஏய், இங்க வா, அவ்வளவுதான். எனக்கு மனசு தாங்கல. சாயங்காலமும் ஒரு டம்ளர் சுக்குக் காப்பி போட்டுக் குடுத்தேன்.

மாத்திரை நாலுல இருந்து மூணாச்சு. ஐப்பசியிலயும், கார்த்திகை பொறந்த பொறவும் பாத்தா நம்பரு அளவா நின்னுருச்சு. "இந்த அளவே இருக்கட்டும்"னு டாக்டரம்மா நிம்மதியா எழுதுனாங்க. அவங்களுக்கு அவங்க மாத்திரையால நின்னுச்சுன்னு நினைப்பு. இருந்துட்டுப் போவுது. நம்மளுக்குப் பேரா முக்கியம்?

நடுவுல பல்லு விளக்குனா ரத்தம் வந்துச்சுங்க. தொடையில ஒரு பக்கம் நீலமாக் கன்னிப் போயிருந்துச்சு. தறியில இடிச்சிருப்பாருன்னு வுட்டுட்டேன். பல்லு ரத்தத்துக்கு வாத்தியார் சம்சாரத்தைக் கேட்டேன். "கெட்ட ரத்தம் வெளியேறுது, நல்லதுக்குத்தான்"னாங்க. மாத்திரை கொறைஞ்சதும் அதுவும் நின்னுருச்சு. பாருங்க, கெட்டதெல்லாம் போயி முடிஞ்சுருச்சு.

இப்பத்தான் வெனை வருது. எம் பொண்ணு ஓசூர்ல இருக்கறா. ரெண்டாவது பெரசவம். மூத்ததை ஸ்கூல்ல சேர்த்தியாச்சு, அதனால அவ இங்க வர முடியாது, நாந்தான் போகோணும். கார்த்திகையில போனா நாப்பது நாள் ஆகும். அவருக்குச் சோறாக்க நங்கையா வந்து இருக்கறேன்னாங்க. எல்லாம் சொல்லிக் குடுத்தேன். மாத்திரை எங்க இருக்குது, உப்பு எவ்வளவு, பாலு எத்தனை மணிக்கு. பொடி டப்பாவைக் கையில எடுத்தேன். எடுத்துட்டு மறுபடியும் அரிசிப் பானைக்குப் பின்னால தள்ளிட்டேன்.

ஏன்னு கேளுங்க. சொல்றேன்.

எனக்குக் கல்யாணமாயி ஒரு வருசத்துல நாங்க தனிக்குடித்தனம் வந்தோம். தறி போட எடம் பத்தல, அதுக்குத்தான் வந்தோம். ஆனா எங்க மாமியாரும் இந்த நங்கையாவும் என்ன சொன்னாங்கன்னா, நான் சோத்துல மருந்து வெச்சுட்டேன்னு. மருந்து வெச்சு அவரை மயக்கிப் பிரிச்சுட்டேன்னு. உங்களுக்குத் தெரியுமல்ல, வசிய மருந்து. சொன்னதோட வுடல. மருந்தெடுக்கற ஆளுகிட்ட அவரைக் கூட்டிட்டுப் போயி, ஏதோ பச்சிலைச் சாறைக் குடிக்க வெச்சு வாந்தி எடுக்க வெச்சாங்க. மயிரு சுருணை மாதிரி ஒண்ணு வந்துச்சாமா. "இதா பாருங்க, அவ வெச்ச மருந்து"ன்னு ஒரு காகிதத்துல மடிச்சுச் சொந்தக்காரங்களுக்கெல்லாம் காட்டுனாங்க. எனக்கு அப்ப இருபத்தி நாலு வயசுங்க. தலை தூக்கி வீதியில நடக்க முடியல. அவருக்கு வாந்தி எடுத்து மூணு நாள் காய்ச்சல், அவரும் ஒரு வார்த்தை எனக்காகப் பேசல.

அந்த நங்கையாகிட்டப் போயி, "தினம் உங்க தம்பிக்குத் தெரியாமக் காப்பியில இந்தப் பொடியைக் கலந்து குடுங்க"ன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? முப்பது வருசத்துக்கு முன்னால சொன்னது நெசந்தான்னு ஆயிராதா?

சரி, நாப்பது நாள்தான, வந்து பாத்துக்கலாம்னு போயிட்டேன்.

மார்கழி பொறந்த மூணாம் நாளு. நான் போயி இருபத்தி நாலு நாளு. அடுத்த டெஸ்டுக்கு இன்னும் ஆறு நாள் இருந்துச்சு. காலையில தறியில நூலு முடியப் போனவரு, வெரலு புடிக்கலன்னு சொல்ல வந்து, பேச்சே வராமக் கீழ உக்காந்துட்டாராம். நங்கையா போன் போட்டு ஓன்னு அழுவறாங்க. நான் பச்சைக் கொழந்தையைத் தொட்டில்ல போட்டுட்டு ஓசூர்ல பஸ் ஏறுனேன். கோயமுத்தூர் வர்ற வரைக்கும் அந்த டிக்கு டிக்குச் சத்தந்தான் என் காதுல.

வந்து பாத்தா வாய் ஒரு பக்கம் இழுத்திருக்குது. ரத்தம் கட்டி மூளைக்குப் போயிருச்சாமா. நம்பரு ஒண்ணே காலுக்கு எறங்கியிருந்துச்சு. டாக்டரம்மா, "மாத்திரையை வுட்டுட்டாரா?"ன்னு கேட்டாங்க. நங்கையா, "ஒரு நாள் வுடலீங்க, நானே எங் கையால குடுத்தேன், நோட்டைப் பாருங்க"ன்னு நோட்டை நீட்டுனாங்க. அதுல அவரு கையெழுத்து. ஒரு நாள் கூட வுடல.

அப்புறம் அந்தம்மா என் பக்கம் திரும்பி, மெதுவாத்தான் கேட்டாங்க. "அம்மா, நீங்க இருக்கறப்ப நம்பரு ஏறுது, நீங்க ஊருக்குப் போனதும் எறங்குது. வீட்டுல ஏதாச்சும் மருந்து குடுத்துட்டு இருந்தீங்களா? மூலிகையா இருந்தாலும் சரி, கஷாயமா இருந்தாலும் சரி. அதெல்லாம் கெட்டதுன்னு நான் சொல்லல. சிலது இருதயத்துக்கு நல்லதாக்கூட இருக்கலாம். ஆனா இந்த மாத்திரையோட சேர்ந்தா ரத்தத்தை இன்னும் இளக்கிரும்னு சந்தேகம் இருக்குது. அது தெரியாம நான் மாத்திரையைக் கொறைச்சு, நீங்க அதை நிறுத்திட்டீங்கன்னா, ரெண்டும் இல்லாமப் போயிருது. எதா இருந்தாலும் எனக்குத் தெரியோணும். உங்களை ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

எவ்வளவு நல்ல புள்ளை பாருங்க. எனக்கு வாய் வரைக்கும் வந்துருச்சு. நிமிந்து பாத்தா, நங்கையா என்னையே பாத்துட்டு நிக்கறாங்க. கண்ணு இப்படி, சுருக்கி. மருந்துங்கற அந்த ஒரு வார்த்தையைத்தான் அவ புடிச்சுக்கிட்டா. அவங்கன்னு மரியாதையாத்தான் சொல்லோணும், கோவத்துல அவன்னு வந்துருது.

"நான் எந்த மருந்தும் வெக்கலீங்க"ன்னுட்டேன்.

குடுக்கலீங்கன்னு சொல்ல வேண்டியது, வெக்கலீங்கன்னு வந்துருச்சு. டாக்டரம்மாவுக்கு ஒண்ணும் வெளங்கல. நங்கையாவுக்கு வெளங்குச்சு.

அன்னைக்கு வெராந்தாவுல உக்காந்து நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். நாந்தான காரணம்? மறைக்காமச் சொல்றேன், நாந்தானுங்க காரணம். இருபத்தி நாலு நாள் அந்தப் பொடி உள்ள போகல. வெறும் மாத்திரையை நம்பி வுட்டுட்டுப் போனேன், பாருங்க என்ன ஆச்சு. டாக்டரம்மாவே சொன்னாங்களே, நீங்க இல்லாதப்பத்தான் எறங்குச்சுன்னு. நாலு மாசம் அந்த மனுசனை நிக்க வெச்சது எதுன்னு இப்ப எனக்குத் தெளிவாத் தெரிஞ்சுருச்சு. நங்கையாவுக்கு மட்டும் கொஞ்சம் நல்ல மனசு இருந்திருந்தா நான் அந்த டப்பாவைக் கையில குடுத்துட்டுப் போயிருப்பேன், எங்கூட்டுக்காரரு இன்னைக்குத் தறிகிட்ட நிப்பாரு.

டிஸ்சார்ஜ் ஆயி வந்தோம். மாத்திரையை மறுபடியும் அஞ்சாக்கிட்டாங்க. வாரா வாரம் டெஸ்டு. நங்கையா ஊருக்குப் போயிட்டாங்க, நல்லதாப் போச்சு. இனி யாருக்குப் பயப்படோணும்? போன வெள்ளிக்கெழமையில இருந்து நானும் ஆரம்பிச்சுட்டேன். இப்ப அவரு முன்னாலயே கலக்கறேன், ஒளிவு மறைவு இல்ல. டம்ளரைப் புடிக்க முடியாது, கரண்டியில ஊட்டோணும். வுட்டுப் போன நாளையும் சேர்த்துப் புடிக்கோணுமல்ல, அதனால காலையில ரெண்டு கரண்டி, பொழுதோட ரெண்டு கரண்டி.

கரண்டியைக் கிட்டக் கொண்டு போனா அவரு மூஞ்சியைத் திருப்பிக்குவாரு. டம்ளரைப் பாப்பாரு, என்னையப் பாப்பாரு, கண்ணுல தண்ணி நிக்கும். "ம... ம..."ன்னு வரும், அதுக்கு மேல நாக்கு பொரளாது. எம் பேரைச் சொல்லத்தான் அந்தப் பாடு படறாருங்க. முப்பத்தி ரெண்டு வருசம் ஏய்ன்னு கூப்புட்டவரு, இப்பத்தான் மயிலான்னு கூப்புடப் பாக்கறாரு. "நான் இங்கதானுங்க இருக்கறேன், எங்கயும் போகல, குடிங்க"ன்னு தாடையைப் புடிச்சு ஊட்டி வுடுவேன்.

நேத்துக் காலையில வாய் கொப்புளிக்க வெச்சேன், பல்லுல ரத்தம் வந்துச்சு. முன்ன வந்ததை வுடச் சாஸ்தி. இன்னைக்கு மூக்குலயும் லேசா வந்துச்சு. அதைப் பாத்த பொறவுதான் எனக்கு உசுரே வந்துச்சுங்க. பொடி வேலை செய்ய ஆரம்பிச்சுருச்சு. அந்தம்மாவும் மாத்திரையைக் கூட்டிட்டாங்க, நானும் பொடியைக் கூட்டிட்டேன். ஆளுக்கு ஒரு பக்கம் புடிச்சா அவரைத் தூக்கி நிறுத்திர மாட்டமா? தை முடியறதுக்குள்ள நடக்க வெச்சு, அந்த நங்கையா வீட்டு வாசல்லயே கொண்டு போயி நிறுத்துவேன்.

ஏனுங்க அம்மிணி, எந்திரிச்சுட்டீங்க? உங்க நம்பரு இன்னும் கூப்புடலீங்களே. தலை சுத்துதுங்களா, மூஞ்சி வெளுத்துப் போச்சு. தண்ணி வேணுமுங்களா?

பாத்ரூமுங்களா? அது அந்தப் பக்கமில்லீங்க. இப்படி வாங்க. அம்மிணி, கதவைத் தட்டாதீங்க, உள்ள ஆளு இருக்குது. அது டாக்டரம்மா ரூமுங்க.